பட்டா உள்ள பாட்டு

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலேறுகிறவர்களுக்கு, மூன்று நாள் பிரயாணத்தில் முதல் நாள் தலைசுற்றலிலும் இரண்டாம் நாள் தூக்கத்திலும் கழிந்துபோக, மூன்றாம் நாள்தான் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் யார் என்று திரும்பிப் பார்க்கத் தெம்பு வரும். அப்படிப்பட்ட ஒரு மூன்றாம் நாள் மாலையில், பங்க் வகுப்பின் கீழ்த்தளத்தில், இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, மகள் வயிற்றுப் பேரனை இரண்டு முழங்காலுக்கும் நடுவே கிடத்தி ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே எழும்பாமலும் அதற்குள் அமிழ்ந்துபோகாமலும், மூன்றே ஸ்வரங்களுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பாட்டில் மனம் லயித்துப்போய், சும்மா இருக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“இது யாரு பாட்டு, ஆத்தா?”

“யாரு பாட்டா? இதென்ன தம்பி கேள்வி? எங்காத்தா பாடுனா. அவளுக்கு அவ ஆத்தா பாடியிருப்பா. ஊருப் பாட்டுக்கு யாரு பட்டா வாங்கி வச்சிருக்கா?”

நாட்டுப்பாடலுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிவைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்று பெயரிட்டுப் பதிப்பித்தபோதும், அதன் பின்னர் நா. வானமாமலை தம்முடைய தொகுதியைக் கொண்டுவந்தபோதும், இன்ன பாட்டை இன்னார் இயற்றினார் என்று சொல்லும் வழக்கம் அந்தப் பாடல்களுக்கு இல்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கச்சேரி மேடையில் பாடப்படும் கீர்த்தனைக்குத்தான் கடைசிச் சரணத்தில் கர்த்தாவின் முத்திரை வேண்டும். ஏற்றப் பாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் மாரடிப் பாட்டுக்கும் ஊரே கர்த்தா. பெயர் உதிர்ந்துபோவதுதான் நாட்டுப்பாடலின் லட்சணம் என்றே நாம் பழகிவிட்டோம்.

ஆனால் அந்தக் கப்பல் போய்க்கொண்டிருந்த தீவுகளிலோ, நம் ஆத்தாவின் இலக்கணத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிவைத்த ஒரு ஜனசமூகம், நாம் யாரும் அங்கே போய்ச் சேருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பாடி ஆடி வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்களிடத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பட்டா இருந்தது.

அவர்களையும் உலகம் கறுப்பர் என்றே அழைத்தது. கறுப்பின மக்கள் நாட்டுப்பாடலுக்குச் செய்த உபகாரம் என்ன என்று யோசிக்கத் தொடங்கினால், நம் மனம் முதலில் அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரைக்குத்தான் ஓடும். பருத்திக்காட்டில் அடிமைகளாய் உழைத்தவர்களின் குரலிலிருந்து புளூஸ் பிறந்ததும், மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கை வாத்தியத்தின் பரம்பரையிலிருந்து பாஞ்சோ வந்ததும் இன்று அநேகருக்குத் தெரிந்த சங்கதிகள். நம் தேசத்துக்குள்ளேயே அதற்கு உறவுமுறை உண்டு. குஜராத்தில் பரூச் ஜில்லாவின் ரத்தன்பூரில், பாவா கோர் என்னும் மகானின் தர்காவில் சித்தி என்னும் ஆப்பிரிக்க வம்சத்தார் வாசிக்கும் ‘மலுங்கா’ என்ற வில்வாத்தியமும் ‘முகர்மான்’ என்ற காலுள்ள முரசும், அவர்கள் ஆடும் ‘கோமா’வும், முரசையும் ஆட்டத்தையும் ஒரே சொல்லால் ‘ங்கோமா’ என்று குறிக்கும் ஆப்பிரிக்கக் கீழைக்கரையை நினைவூட்டுபவை. கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் காடுகளில் வாழும் சித்திகளுக்குத் ‘தமாம்’ என்ற முரசு உண்டு. இலங்கையிலே புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், போர்த்துக்கீசியராலும் அவர்களுக்குப் பின் வந்தவர்களாலும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியார், தேய்ந்துபோன போர்த்துக்கீசியத்தில் ‘மாஞ்சா’ என்ற பாடல்களைக் கரண்டியும் போத்தலும் சிரட்டையும் தாளமாகக் கொண்டு இன்றும் பாடுகிறார்கள். அவர்களைக் குறித்த ‘காப்பிரி’ என்ற பெயர் ஒட்டிய ‘காப்பிரிஞ்ஞா’ என்னும் ஆட்டமெட்டின் வழியாகத்தான் பைலா வளர்ந்தது என்பார்கள். அந்தப் பைலா மெட்டிலே வந்த ‘சுராங்கனி’யைப் பாடாத கலியாண வீடு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். பாட்டு நமக்குத் தெரியும், மெட்டும் தெரியும். மெட்டைக் கொண்டுவந்தவர்களின் முகந்தான் தெரியாது.

இந்த வரிசையிலே அந்தமானின் ஆதிக்குடிகளைச் சேர்க்கலாமா என்று கேட்டால், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியுலகம் அவர்களை நிறத்தைக் கொண்டுதான் அறிந்தது. ‘சிறு கறுப்பர்’ என்று பொருள்படும் ‘நெகிரிட்டோ’ என்ற ஸ்பானியச் சொல்லை, பிலிப்பைன்ஸ் தீவுக் குடிகளுக்கு இட்டதுபோலவே இவர்களுக்கும் இட்டார்கள்; அடிமைகளை ஏற்றி வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று பாறையில் மோதி உடைய, கரையேறிய ஆப்பிரிக்கர்களின் வாரிசுகளே இவர்கள் என்று ஒரு கதையும் நெடுநாள் வழங்கிற்று. ஹைதராபாத் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் முதலிய விஞ்ஞானிகள் இவர்களுடைய மரபணுக்களை ஆராய்ந்து 2005இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அந்தக் கதைக்கு இடமில்லாமற்போயிற்று. மனிதர் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட மிகப் பழங்காலத்திலேயே கிளை பிரிந்து, தீவுகளில் தனித்து நின்றுவிட்ட வம்சம் இது. நிறத்தைத் தவிர இன்றைய ஆப்பிரிக்கரோடு இவர்களுக்குத் தனிப்பட்ட நெருக்கம் இல்லை. ஆனாலும் நிறத்தைக் கண்டு மற்றவர்கள் நடத்திய விதம் இருக்கிறதே, அது மட்டும் மிசிசிப்பிக் கரைக்கும் மத்திய அந்தமானுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருந்தது. நாமும் இதில் யோக்கியர்கள் அல்ல. நம்மைவிட ஒரு பிடி கறுத்தவரைக் கண்டால் ‘காப்பிரி’ என்று சொல்லிச் சிரிக்கிற நம்முடைய வாய், கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

இனி அவர்களுடைய ஆட்டக்களத்துக்குப் போவோம். பெரிய அந்தமான் என்று சொல்லப்படும் வடக்கு, மத்திய, தெற்குத் தீவுகளில், பேயா, பலே, கேடே, ஜேரு, போ, கோரா என்றிப்படித் தனித்தனிப் பாஷை பேசும் பத்துக் குலத்தார் இருந்தார்கள். அவர்களுடைய ஊர் என்பது, நடுவிலே புல்லும் கல்லும் நீக்கிச் சுத்தமாக்கிய ஒரு வெளியும், அந்த வெளியை நோக்கி வட்டமாக அமைந்த சிறு குடில்களுமே. பகலெல்லாம் பன்றி வேட்டையிலும் ஆமை பிடிப்பதிலும் தேன் எடுப்பதிலும் கழிந்த பின், இரவுச் சாப்பாடு முடிந்து, குங்கிலியப் பந்தத்தின் வெளிச்சத்தில் ஆட்டம் தொடங்கும்.

பன்னிரண்டு மணிநேரம் தவிலடிக்கும் தேசத்திலிருந்து போகிற நமக்கு முதல் ஆச்சரியம், அங்கே தோற்கருவி இல்லை, நரம்புக்கருவி இல்லை, குழல் இல்லை என்பது. இருந்தது ஒரே ஒரு வாத்தியம், அது பலகை. அந்தமானுக்கே உரிய படாக் மரத்தைக் குடைந்து, ஏறக்குறைய ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமுமாக, ஒரு நுனி குறுகிய கேடயத்தின் வடிவில் மெல்லிதாகச் செதுக்கி, குழிந்த பக்கம் பூமியைப் பார்க்கும்படி கவிழ்த்து வைப்பார்கள். ‘புகுட்டா யெம்ங்க’ என்பது பேயா பாஷையில் அதற்குப் பெயர். பாடுகிறவன் குறுகிய நுனியை ஒரு பாதத்தால் அழுத்திக்கொண்டு, மற்றப் பாதத்தின் குதிகாலால் அதை மிதித்து ஒலிப்பான். நம்முடைய நட்டுவனார் மனையின் மேல் தட்டுக்கழியால் தட்டி ஜதிக்குத் தாளம் கொடுப்பதைக் கண்டவர்கள், கழிக்குப் பதில் குதிகாலை வைத்து நினைத்துப்பார்த்தால், அந்தத் தாளம் காதில் விழும். ஒரு பக்கத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காலை நீட்டி, உள்ளங்கையைக் குவித்துத் தொடையில் தட்டிக்கொண்டு பல்லவியை வாங்கிப் பாடுவார்கள். ஆண்கள் முதுகு சற்று வளைய, முழங்கால் மடிய, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஆடுவார்கள். ஒரு கால் களைத்தால் மறு காலுக்கு மாறுவார்கள். பாட்டு நீளமானது அன்று. ஓரிரண்டு அடிகளே கொண்ட முன்பாட்டும், அதைத் தொடரும் பல்லவியுமாகத் திரும்பத் திரும்ப வந்து, நெருங்கிய சில ஸ்வரங்களை விட்டு வெளியே போகாமல், இரவின் மேல் இரவாக அடுக்கிக்கொண்டே போகும். மேல்நாட்டுச் சங்கீதக் காதோடு கேட்ட ஆங்கிலேயர்களுக்கு இது அலுப்பாக இருந்தது. ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டு வளர்ந்த நமக்கு அலுக்க நியாயமில்லை.

ஆனால் பலகையைவிட விசேஷமானது அந்தப் பாட்டுப் பிறக்கும் விதம். 1906 முதல் 1908 வரை அந்தமானில் தங்கி ஆராய்ந்து, 1922இல் ‘அந்தமான் தீவினர்’ என்ற பெரிய புத்தகத்தை வெளியிட்ட ராட்கிளிஃப்-பிரௌன், இருபத்தைந்து வயதில் அங்கே போனவர், இதைக் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். ஒருவன் வில் செதுக்கிக்கொண்டிருப்பான், அல்லது தோணி குடைந்துகொண்டிருப்பான், அல்லது துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பான். கை வேலையில் இருக்க, வாய் ஒரு வரியை மெல்ல முனகும், பிடிக்காவிட்டால் மாற்றும், மறுபடி முனகும். மனத்துக்குச் சரி என்று பட்டதும் தன் வீட்டுப் பெண்களுக்குப் பல்லவியைச் சொல்லிக்கொடுப்பான். அடுத்த ஆட்டத்தின்போது பலகையின் மேல் ஏறி அதை அரங்கேற்றுவான். சபைக்குப் பிடித்தால் பாட்டு அவனுடைய கையிருப்பில் சேரும். பிடிக்காவிட்டால் அதோடு சரி, அதை விட்டுவிடுவான். விஷயமோ பெரிய காவிய விஷயம் அன்று: பன்றியைத் துரத்தினேன், தேனடையைக் கண்டேன், தோணிக்கு மரம் வெட்டினேன் என்ற அளவுதான். அந்த இரண்டு வரியும் அவனுடையவை. ஆட்டக்களத்தில் ஒருவன் பாட்டை மற்றொருவன் எடுத்துப் பாடுவது கிடையாது.

அவருக்கு முன்னாலேயே, 1879 முதல் ஆதிக்குடிகளின் பொறுப்பதிகாரியாயிருந்த எம். வி. போர்ட்மன், 1888இல் அந்தமானியர் சங்கீதத்தைப் பற்றி ராயல் ஏஷியாட்டிக் சொஸைட்டியின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் இதையேதான் இன்னும் அழுத்தமாகச் சொன்னார். பாட்டுக் கட்டத் தெரியாதவனை, ஆணோ பெண்ணோ, அங்கே யாரும் மதிப்பதில்லை. குழந்தைகள்கூடத் தங்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கட்டிக்கொள்ளுகின்றன என்பது அவர் கண்டது. அவருடைய சமகாலத்தவரான இ. எச். மான் கண்டது வேறொரு விசித்திரம்: தாளத்துக்கும் ஓசைக்கும் இணங்கும்படி சொற்களை வெட்டியும் முறுக்கியும் நீட்டியும் பாடுவதனால், கேட்கிற சொந்தக் குலத்தாருக்கே பொருள் விளங்குவதில்லை, ஆகையால் புதுப்பாட்டுக் கட்டியவன், பல்லவி பாடுகிறவர்களுக்கு அதன் அர்த்தத்தைப் பேச்சுப் பாஷையில் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிடுவது வழக்கமாம். மூலமும் உரையும் ஒருவரே! பதவுரை எழுதப் பிறிதொருவரைத் தேடும் சிரமம் அந்தக் கவிகளுக்கு இருந்ததில்லை.

இந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கப்பலில் அந்தத் தாலாட்டுக் கேட்டது. மறுநாள் காலை, தூரத்தில் தீவின் பச்சைக்கோடு தெரிந்து எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஆத்தாவிடம் இந்தச் சங்கதியைச் சொன்னேன்: இங்கே பாட்டுக்குப் பட்டா உண்டு, கட்டினவரைத் தவிர வேறு யாரும் பாடக்கூடாது என்று. அவர் கொஞ்ச நேரம் பேரனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப அவன் செத்தா பாட்டும் போயிருமே தம்பி. எம் பாட்டு எனக்கப்புறமும் கெடக்கும்ல.”

ஆராய்ச்சியாளர் பலர் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கக்கூடிய வித்தியாசத்தை அவர் பொத்தான் போடும் நேரத்தில் சொல்லிவிட்டார். நம்முடைய முறையில் பெயர் போய்விடுகிறது, பாட்டு நிற்கிறது. அவர்களுடைய முறையில் பெயர் நிற்கிறது, ஆள் போனால் பாட்டும் போகிறது. ஆனால் அது ஓர் இழப்பு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது என்பதே என் அபிப்பிராயம். ஒருவன் போன இடத்தில் பத்துப் பேர் வில் செதுக்கிக்கொண்டு முனகுகிற வரையில், பாட்டுக்கு என்ன பஞ்சம்? பழைய பாட்டைப் பாதுகாத்து வைக்கும் கவலை, புதுப்பாட்டு வற்றிப்போகுமோ என்று பயப்படுகிறவர்களுக்குத்தான் உண்டு. அந்தமானியருடைய சம்பிரதாயம் பாட்டைக் கைமாற்றிக் கொடுப்பது அன்று, பாட்டுக் கட்டும் வழக்கத்தைக் கைமாற்றிக் கொடுப்பது. அந்த ஏற்பாடு நிலைப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வேண்டும்: முனகுவதற்கு ஆள் இருக்க வேண்டும்.

ஆளைத்தான் இல்லாமற் செய்தார்கள். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தொடங்கிய குடியேற்றம் காய்ச்சலால் 1796இல் கைவிடப்பட்ட பின், சிப்பாய்ப் புரட்சியின் கைதிகளை அடைப்பதற்காக 1858இல் மறுபடியும் போர்ட் பிளேரில் கைதிக்குடியேற்றம் உண்டாயிற்று. மறு ஆண்டிலேயே அபர்தீன் என்ற இடத்தில் அந்தமானியர் வில்லும் அம்புமாக எதிர்த்துப் போராடித் தோற்றார்கள். பிறகு அவர்களை வசப்படுத்துவதற்காக ‘அந்தமான் இல்லம்’ என்ற பெயரில் விடுதிகள் எழும்பின. அரிசியும் புகையிலையும் அபினும் கொடுக்கப்பட்டன. கூடவே மேகநோயும், 1877இல் தட்டம்மையும் வந்தன. ஆயிரக்கணக்கில் இருந்த அந்தப் பத்துக் குலத்தார், 1901ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். துறைமுகத்தைச் சுற்றி இருந்த பேயா குலத்தாரே முதலில் பழகினார்கள். முதலில் மறைந்தவர்களுள்ளும் அவர்கள் இருந்தார்கள். போர்ட்மன் தம் கட்டுரைக்காக எழுதிக்கொண்ட மெட்டுகள், மேல்நாட்டு ஸ்வரக்குறியில், காலில் கயிறு கட்டிய பறவைகளைப்போல இன்றும் காகிதத்தில் நிற்கின்றன. அந்தச் சங்கீதத்தின் ஒரே வாத்தியத்துக்கு உடல் தந்த படாக் மரமோ, 1883இல் ஏற்பட்ட சாத்தம் அறுவை ஆலையின் பற்களில் பலகையாகி, வழுவழுவென்று சிவந்த சாமான்களாகக் கடல் கடந்து போயிற்று. மரத்தின் விலை தெரிந்த அளவுக்கு அதன் ஒலி தெரிந்தவர்கள் ஆலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

பெயர் உதிர்ந்துபோவதில் நமக்கு ஒரு வேதாந்தமான திருப்தி இருக்கலாம்; ஆனால் கறுப்பினத்தாருடைய பாட்டு விஷயத்தில் பெயர் தானாக உதிர்வதைக் காட்டிலும் உதிர்க்கப்படுவதே அதிகம் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜூலு இனத்தைச் சேர்ந்த சாலமன் லிண்டா, 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் தம் குழுவோடு ‘எம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். ‘சிங்கம்’ என்று அதற்கு அர்த்தம். அதற்காக அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போய், அங்குள்ளவர்கள் அந்தச் சொல்லைச் சரியாகக் கேளாமல் ‘விமோவே’ என்று பாட, யாரோ காட்டுவாசிகளின் பழம்பாட்டு என்ற பாவனையில் அது பரவி, 1961இல் இங்கிலீஷ் சொற்களோடு உலகப் பிரசித்தி அடைந்தது. மறு வருஷம் லிண்டா வறுமையில் இறந்தார். 1994இல் ‘லயன் கிங்’ படத்தின் வழியாக நம் வீட்டுக் குழந்தைகளின் வாய்க்கும் அது வந்து சேர்ந்தது. வழக்காடி அவருடைய பெண்களுக்கு ஓர் ஏற்பாடு கிடைத்தது 2006இல். ‘நாட்டுப்பாடல்’ என்ற சொல், கேட்பதற்குக் கௌரவமாக இருந்தாலும், சில கைகளில் பட்டாவை அழிக்கும் ரப்பராகவும் இருந்திருக்கிறது.

மிச்சம் இருந்த பெரிய அந்தமானியரை அரசாங்கத்தார் 1970ஐ ஒட்டி ஸ்ட்ரெய்ட் தீவில் குடியேற்றினார்கள். பல குலத்தாரும் கலந்த அந்தச் சிறு கூட்டத்தில் பாஷைகளும் கலந்தன. பிள்ளைகளின் வாயில் இந்தி ஏறிற்று. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பாஷை நிபுணராயிருந்த அன்விதா அப்பி, சென்ற நூற்றாண்டு கழிந்த சில வருஷங்களில் அங்கே போய்ப் பேச்சையும் கதையையும் பாட்டையும் பதிவு செய்யத் தொடங்கியபோது, மறந்துபோயிற்று என்று முதலில் கையை விரித்தவர்களே, நாள் போகப்போக, கிணற்றுத் தூர் எடுத்ததுபோல ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார்களாம். நாவோ ஜூனியர் என்பவர் கதைகளைச் சொன்னார். போவா சீனியர் என்ற மூதாட்டி முதலியோர் பாட்டுகளைப் பாடினார்கள். பத்துக் கதைகளும் நாற்பத்தாறு பாட்டுகளும் கொண்ட அந்தத் தொகுதி 2021இல் புத்தகமாக வந்தது. சொன்னவரின் பெயரும் பாடினவரின் பெயரும் அதில் விட்டுப்போகவில்லை.

போவா சீனியர், போ என்ற பாஷையைத் தாய்மொழியாகப் பேசியவர்களுள் கடைசியாக மிஞ்சியவர். அந்தப் பாஷையில் பதில் சொல்ல மனிதர் யாரும் இல்லாமற்போன காலத்தில், அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பார் என்று அப்பி எழுதியிருக்கிறார். பறவைகள் தங்களுடைய முன்னோர்களே என்பது அவர்களுடைய புராணம். ஆகையால் அதைப் பைத்தியம் என்று சொல்வதற்கு இல்லை, உறவுக்காரர்களோடு பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் பிழைத்த அவர், எண்பத்தைந்து வயதளவில் 2010 ஜனவரி 26ஆம் தேதி காலமானார். குடியரசு தினம் அது. தலைநகரில் நாட்டுப்புற ஆட்டங்களின் ஊர்வலம் நடக்கும் நாள். அந்தமானியப் பாட்டுக்கு வேண்டியது தனிக்குரல் மட்டும் அன்று என்பதை நினைத்தால், அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது காது தானாகவே அடுத்தாற்போல வரவேண்டிய பெண்களின் பல்லவியைத் தேடுகிறது.

தீவுகளின் ஆதிக்குடிகளில், 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெரிய அந்தமானியர் 44 பேர், சின்ன அந்தமானின் ஓங்கிகள் 101 பேர், ஜாரவாக்கள் 380 பேர். வட சென்டினல் தீவில் இருப்பவர்களைத் தூரத்திலிருந்து எண்ணிப் பதினைந்து என்று போட்டிருக்கிறார்கள்; அவர்கள் தங்களை எண்ண நம்மை விடுகிறதாயில்லை. ஜாரவாக்களின் காட்டை ஊடறுத்துப் போகும் அந்தமான் நெடுஞ்சாலையை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், சாலை திறந்தே இருந்தது. 2012 ஜனவரியில் ஒரு லண்டன் பத்திரிகை வெளியிட்ட சலனப்படத்தில், அந்தச் சாலையோரத்தில் ஜாரவாப் பெண்களை ஆடச்சொல்லி, உணவு கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் குரல் கேட்டது. பலகையின் மேல் ஏறி நின்று, தன் பாட்டைத் தன் சபைக்கு அரங்கேற்றும் உரிமையை அத்தனை கண்ணியமாகக் காத்த தீவுக்கூட்டத்திலே, ஆட்டத்தின் விலை ஒரு பிஸ்கத்துக்கு வந்து நின்றது.

அந்தச் சாலையில் நானும் போனேன். ரங்கத்துக்குப் போக வேறு வழி அப்போது கிடைக்கவில்லை. ஜிர்க்காட்டாங் சாவடியில் வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் வெளியே எறியக்கூடாது என்று போலீஸார் எச்சரித்து, குறித்த நேரத்தில் கூட்டமாக அனுப்பினார்கள். அதன் பின் காடு. வானம் தெரியாத உயரத்துக்குக் கர்ஜன் மரமும் படாக் மரமும் இரண்டு பக்கமும் எழுந்து நிற்க, பேருந்தில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். ஓட்டுநர் நம்முடைய திருச்சிப் பக்கத்துக்காரர். தூக்கம் வராமலிருப்பதற்காகப் பழைய பாட்டுகளை ஓடவிட்டிருந்தார். எட்டாவதோ ஒன்பதாவதோ, ‘சுராங்கனி’ வந்தது. பின் இருக்கையில் இருந்த பையன்கள் கையைத் தட்டினார்கள். அந்தத் தாளத்துக்குத் தட்டாமல் இருப்பதும் கஷ்டம். பழக்கதோஷத்தால் முன்னே குனிந்து கேட்டேன்:

“இது யாரு பாட்டுங்க?”

“இது தெரியாதா சார்? சிலோன் மனோகர்.”

சொல்லிவிட்டு அவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். வளைவு திரும்பியதும் மத்திய நீரிணையின் தண்ணீர் தெரிந்தது. வண்டிகளை ஏற்றிக்கொள்ளும் படகுக்காக வரிசையில் நான்காவதாக நின்றோம்.